மைதானத்தை விட்டுவையுங்கள்: பல்கலைக்கழக நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

நீலகிரியில் இருக்கிற நம் மலை வளாகத்து மைதானத்தின் கீழ்ப்பாதியில் பேவர் பிளாக் பதித்து வாகன நிறுத்தம் அமைக்கப் போவதாகச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. அதைப் படம் எடுத்து என் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். "மிஸ், நூறு மீட்டர் ஸ்டார்ட்டிங் போயிடுது" என்று கீழே ஒரு வரி எழுதியிருந்தாள். அதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் அதே வளாகத்தில் மூன்று வருடம் படித்தவள். 800 மீட்டரும் 1,500 மீட்டரும் ஓடினேன். இப்போது கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். பிளஸ் டூ முடித்து ஓட்டத்தை விடாமல் படிக்க நினைக்கிற பிள்ளைகளை, குறிப்பாகப் பெண் பிள்ளைகளை, கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ அனுப்ப வீட்டில் வசதி இருக்காது என்பதால், உங்கள் வளாகத்தில்தான் சேர்த்துவிடுகிறேன். அதனால் அந்த மைதானத்துக்கு என்ன ஆனாலும் அது எனக்கும் சேர்த்து ஆனதுதான்.

கீழ்ப்பாதி என்று சுற்றறிக்கையில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். அந்தப் பாதியில்தான் நூறு மீட்டர் தொடங்கும் இடம் இருக்கிறது, இரண்டாவது வளைவு இருக்கிறது, நீளம் தாண்டுதலுக்கான மணல் குழி இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மீதி இருப்பதில் ஒரு வாலிபால் கோர்ட் போடலாம், கபடி ஆடலாம். ஓட முடியாது.

போன டிசம்பரில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டமளிப்பு விழா சமயத்தில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்து மைதானம் சொதசொதவென்று கிடந்தது. அப்படியிருந்தும் விருந்தினர் கார்களையும் பந்தல் சாமான் கொண்டுவந்த லாரியையும் மைதானத்துக்குள்தான் விட்டார்கள். லாரி இரண்டாவது வளைவில் சிக்கி, ஏறி இறங்கி, கடைசியில் ஆட்கள் தள்ளி வெளியே போயிற்று. விழா முடிந்தது, பந்தலைப் பிரித்தார்கள், போய்விட்டார்கள், சக்கரம் பதிந்த இடத்தை மூட ஒருவரும் வரவில்லை. அப்புறம் ஜனவரியில் மழை நின்று உறைபனி தொடங்கியது. இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் ஈரமண் விடியற்காலையில் கல் மாதிரி இறுகிக் கிடக்கும், மேலே புல் முழுக்க வெள்ளையாக ஒரே பரப்பாகத் தெரியும், எது பள்ளம் எது மேடு என்று கண்ணுக்குப் பிடிபடாது. நான் அனுப்பிய பெண் ஒருத்தி ஆறே முக்கால் மணிக்குப் பயிற்சிக்கு இறங்கினாள். மூன்றாவது சுற்றில் அவள் கால் அந்தப் பள்ளத்துக்குள் போனது. முழங்கால் லிகமென்ட் கிழிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் பள்ளி முடிந்ததும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். டயரின் பட்டை பட்டையான அச்சு மண்ணில் அச்சு வார்த்தது போல அப்படியே இருந்தது. கையை விட்டேன், மணிக்கட்டைத் தாண்டிப் போனது. பள்ளத்துக்கு இந்தப் பக்கம் அவளுடைய ஸ்பைக்ஸ் கீறிய கோடுகள் ஒரே இடைவெளியில் வரிசையாக வந்திருந்தன. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் எதுவும் இல்லை.

கோயம்புத்தூரில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அவள் அம்மா தேயிலை பறிக்கிறவர், மகளிர் குழுவில் கடன் வாங்கித்தான் கட்டினார். பல்கலைக்கழகத்தில் கேட்டபோது, அது அதிகாரப்பூர்வமான போட்டி இல்லை, பயிற்சி நேரத்தில் நடந்தது, அதற்கு உதவித்தொகை கொடுக்க வழி இல்லை என்று பதில் வந்தது. அந்த அம்மா என்னிடம் கோபப்படக்கூட இல்லை. "ஓடப் போய்த்தானே டீச்சர் கால் போச்சு, இனிமே அவ ஓட வேணாம்" என்று மட்டும் சொன்னார். அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

அந்தப் பள்ளத்தை உண்டாக்கிய அதே வாகனங்களுக்கு இப்போது மைதானத்தின் பாதியை நிரந்தரமாக எழுதிக் கொடுக்கப் போகிறீர்கள்.

விளையாட்டுக்கு நிர்வாகம் பணமே செலவழிக்கவில்லை என்று நான் சொன்னால் அது உண்மையாகாது. உடற்பயிற்சிக் கூடம் கட்டினீர்கள். வாசலில் கல்வெட்டு இருக்கிறது, உள்ளே டிரெட்மில் இருக்கிறது. ஆனால் அது காலை பத்து மணிக்குத் திறந்து மாலை நான்கு மணிக்குப் பூட்டப்படுகிறது. அந்த நேரம் முழுக்கப் பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். உயரம் தாண்டுதலுக்குப் புது மெத்தை வாங்கினீர்கள், நல்ல மெத்தைதான். அதை வைக்கிற அறையின் கூரைத் தகடு ஒரு மூலையில் விலகியிருக்கிறது, ஒரு மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் குடித்த மெத்தையை நான்கு பேர் சேர்ந்தும் தூக்க முடியவில்லை, உள்ளே பூஞ்சணம் பிடித்து வாடை வருகிறது. அந்தத் தகட்டை மாற்ற ஆகிற செலவும் மெத்தை வாங்கிய செலவும் எந்த விதத்திலும் ஒன்றில்லை. புதிதாக வாங்க ஒரு தலைப்பில் பணம் ஒதுக்க முடிகிறது, இருப்பதைக் காப்பாற்ற முடியவில்லை. என் வருத்தமெல்லாம் இந்த இடத்தில்தான்.

நான் படித்த காலத்தில் மைதானத்துக்கென்று ஒரு மார்க்கர் இருந்தார், எல்லோருக்கும் அவர் அண்ணன். நாங்கள் ஆறரைக்கு வரும்போது அவர் அதற்கு முன்பே வந்து கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருப்பார். மழை விட்டதும் மண்வெட்டியோடு மேட்டுப் பக்கம் போய் வடிகாலில் அடைத்த சருகையும் மண்ணையும் வழித்துத் தள்ளுவார், அரை நாளில் தண்ணீர் வடிந்துவிடும். ராத்திரி காட்டெருமைகள் மைதானத்தைக் கடந்து போகும், சில நாள் மணல் குழிக்குள்ளேயே இறங்கி நின்றுவிட்டுப் போகும். அவ்வளவு கனமான விலங்கின் குளம்படி பதிந்தால் எவ்வளவு ஆழம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் ஒவ்வொன்றாகத் தேடி மண் போட்டுக் காலால் மிதித்துச் சமமாக்குவார். முதல் இரண்டு தடத்தில் மட்டுமாவது பள்ளம் இருக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. அந்த மைதானத்தில் ஓடிய மூன்று வருடத்தில் நான் ஒரு தடவைகூடக் கால் இடறி விழவில்லை. அவர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு இன்றுவரை ஆள் போடவில்லை. உடற்கல்வி இயக்குநர் பணியிடமும் காலியாகத்தான் இருக்கிறது. வேறு துறையைச் சேர்ந்த ஒருவர் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். அவர் நல்ல மனிதர், சுண்ணாம்புப் பொடியைத் தன் கைக்காசில் வாங்குகிறார் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தின் ஓடுதளம் ஒருவருடைய நல்ல மனதை நம்பி இருக்கக் கூடாது.

கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் தர மதிப்பீடு செய்கிற நாக் (NAAC) குழு வருவதற்கு முந்தைய வாரம் மட்டும் எல்லாம் நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தர மதிப்பீட்டில் விளையாட்டு வசதியும் கணக்கில் வருகிறது என்பதால் அந்த வாரம் கூலிக்கு ஆள் வைத்துப் புல் வெட்டினார்கள், கோடு போட்டார்கள், பெண்கள் கழிப்பறையின் பூட்டைத் திறந்து வெள்ளையடித்தார்கள். குழு போனதும் பூட்டு திரும்ப வந்துவிட்டது. சாவி மெயின் கேட் வாட்ச்மேனிடம் இருக்கிறது. மைதானத்திலிருந்து கேட்டுக்கு ஏற்றத்தில் பத்து நிமிடம் நடக்க வேண்டும். அதனால் பெண் பிள்ளைகள் சாமான் அறையின் பின்சுவருக்கும் மண்திட்டுக்கும் நடுவில் நின்று, ஒருத்தி துப்பட்டாவைப் பிடிக்க, இன்னொருத்தி உடை மாற்றுகிறார்கள். நான் படித்தபோதும் இப்படித்தான் மாற்றினோம். இத்தனை வருடம் கழித்து என் மாணவிகளும் அதே சுவரின் பின்னால் நிற்கிறார்கள் என்பதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

இனி இந்த இடத்தைப் பற்றி. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1968இல் ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ சிட்டியும் ஏறக்குறைய இதே உயரம்தான். அந்த ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் கென்யாவின் நஃப்தலி டெமு, 1,500 மீட்டரில் கென்யாவின் கிப் கெய்னோ, மாரத்தானில் எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே என்று மலைநாட்டு ஆட்கள் தங்கம் வாங்கினார்கள். 1,500 மீட்டரில் உலக சாதனை வைத்திருந்த அமெரிக்காவின் ஜிம் ரயன் கெய்னோவுக்குப் பின்னால் வெகுதூரத்தில் இரண்டாவதாக வந்தார். அதற்குப் பிறகுதான் உயரத்தில் பயிற்சி எடுப்பதை உலகமே தீவிரமாக எடுத்துக்கொண்டது. காரணம் ரொம்ப எளிது. இந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, மூச்சுக்கு மூச்சு உள்ளே போகிற ஆக்ஸிஜன் கடல் மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைகிறது, உடனே சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது, சில வாரங்களில் ரத்தத்தில் சிவப்பணுக்கள் கூடுகின்றன. அதே ஆள் கீழே இறங்கி ஓடும்போது ரத்தம் அதிக ஆக்ஸிஜனைச் சுமந்து செல்கிறது.

உயரத்தில் தங்கு, தாழ்வில் ஓடு என்று இன்னொரு முறையும் இருக்கிறது. 1997இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 2,500 மீட்டர் உயரத்தில் ஓட்டக்காரர்களைத் தங்கவைத்து, 1,250 மீட்டரில் வேகப் பயிற்சி கொடுத்து, அது நல்ல பலன் தருவதைக் காட்டினார்கள். நம் ஊருக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் ஐம்பது கிலோமீட்டர்தான். காலையில் மேலே இருக்கிற பிள்ளை மதியத்துக்குள் சமவெளியில் ஓடிவிட்டு ராத்திரி திரும்ப மேலே வந்து தூங்கலாம். இந்த வசதிக்காக மற்ற ஊர்க்காரர்கள் காசு கொடுத்து மலைக்கு வருகிறார்கள். நம் பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். மலைக்காற்று மட்டும் ஒருவரை ஓட்டக்காரராக்கிவிடாது என்பதும் எனக்குத் தெரியும், மேடு பள்ளம் இல்லாத தரையும் சொல்லிக்கொடுக்க ஒரு ஆளும் இல்லாவிட்டால் அந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்த மலையில் பெரிய விளையாட்டு நடந்ததில்லை என்று யாராவது நினைத்தால், குன்னூருக்குப் பக்கத்தில் இருக்கிற வெலிங்டனைக் கேட்கலாம். அங்குள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணி 1955லும் 1958லும் டியூரண்ட் கோப்பைக் கால்பந்துப் போட்டியை ஜெயித்தது. அந்த அணியில் கோல் காத்த பீட்டர் தங்கராஜ் 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக நின்றார், 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியிலும் இருந்தார். ராணுவம் அங்கே மைதானத்தை மைதானமாகவே வைத்திருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்றுதான் நான் நம்புகிறேன்.

நிலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பயமாக இருப்பது இதுதான். எட்டுத் தடத்தோடு 400 மீட்டர் ஓடுதளம் போட ஏறக்குறைய 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும் சமதரை வேண்டும். நீலகிரியில் அவ்வளவு சமதரை எங்கே இருக்கிறது? நம் மைதானம்கூட யாரோ பல வருடங்களுக்கு முன் சரிவை வெட்டி, கருங்கல்லில் தடுப்புச் சுவர் எழுப்பி உண்டாக்கியது. இன்றைக்கு அப்படி ஒரு மைதானத்தைப் புதிதாக உருவாக்க முடியாது. 2009 நவம்பரில் நடந்த நிலச்சரிவுகளில் இந்த மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சரிவில் கைவைக்க இப்போது இத்தனை கட்டுப்பாடுகள் இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். ஆகவே, இருக்கிற ஒரு மைதானத்தைக் கல் பாவி மூடிவிட்டால் இன்னும் பத்து வருடம் கழித்து வேறொரு துணைவேந்தர் மனது வைத்தாலும் இன்னொன்றை உண்டாக்க இடம் கிடைக்காது. பேவர் பிளாக் பதித்தால் அங்கே விழுகிற மழை மண்ணில் இறங்காமல் மொத்தமாகக் கீழ்ச்சுவரின் மேல் போய் நிற்கும் என்பதையும் உங்கள் பொறியாளர்களிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். வடிகால் ஏற்கெனவே அடைத்துக் கிடக்கிறது.

வாகனங்களுக்கு இடம் இல்லை என்பது பொய் இல்லை. ஆசிரியர்கள் ரோட்டோரத்தில் வண்டியை விட்டுவிட்டுப் பயந்துகொண்டே வகுப்பெடுக்கிறார்கள், மே மாத சீசனில் அதுவும் கிடைப்பதில்லை. ஆனால் பழைய பணியாளர் குடியிருப்பு இடிந்த இடம் வளாகத்துக்குள்ளேயே வருடக்கணக்கில் சும்மா கிடக்கிறது. அது சமமாக இல்லை, இரண்டு அடுக்காக இருக்கிறது, அங்கே செலவு கொஞ்சம் கூடும் என்று சொல்லக் கேட்டேன். கூடட்டும். கார் இரண்டு அடுக்கில் நிற்கும், ஓட்டம் இரண்டு அடுக்கில் நடக்காது. பட்டமளிப்பு விழா போன்ற நாட்களில் விருந்தினர் வண்டிகளை ஊருக்குள் நிறுத்தச் சொல்லிவிட்டுப் பல்கலைக்கழகப் பேருந்திலேயே அழைத்து வரலாம்.

படிப்புக்கே பணம் போதவில்லை, ஆய்வகத்துக்குக் கருவி இல்லை, இதில் விளையாட்டுக்கு எங்கே போவது என்று ஆட்சிக்குழுவில் ஒருவர் கேட்டதாக அறிந்தேன். ஆய்வகத்துப் பணத்தை எடுத்து எங்களுக்குத் தாருங்கள் என்று நான் கேட்கவே இல்லை. மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் கட்டணத்தோடு விளையாட்டுக்கென்று தனியாகக் கட்டுகிறார்கள், என்னுடைய பழைய ரசீதிலும் அந்த வரி இருக்கிறது, இப்போது படிக்கிற பிள்ளைகளின் ரசீதிலும் இருக்கிறது. அந்தப் பணம் எவ்வளவு சேர்ந்தது, எதற்குப் போனது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். என் சொந்தப் பல்கலைக்கழகத்திடம் மனுப் போட்டு வாங்க எனக்கு மனம் வரவில்லை, நீங்களாகவே சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். அப்புறம், விளையாட்டு என்றால் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்களுக்கு: தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது, ரயில்வேயும் காவல்துறையும் ராணுவமும் விளையாட்டில் ஆள் எடுக்கின்றன. பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்காமல் தோட்டத்தை விட்டுத் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலைக்குப் போகிற குடும்பங்களிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய வாசல் என்று நான் தினமும் பார்க்கிறேன். நானே அந்த வாசல் வழியாக வந்தவள்தான்.

இப்போது நான் கேட்பது இவைதான். வாகன நிறுத்தச் சுற்றறிக்கையை ரத்து செய்யுங்கள், தள்ளிவைத்தால் போதாது, மைதானத்தின் எந்தப் பகுதியும் வேறு பயன்பாட்டுக்குப் போகாது என்று அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தில் தீர்மானமாகவே போட்டு அதை எழுத்தில் வெளியிடுங்கள். விழா நாளிலும் மைதானத்துக்குள் எந்த வண்டியும் வரக் கூடாது. மார்க்கர் பணியிடத்தையும் உடற்கல்வி இயக்குநர் பணியிடத்தையும் வரும் கல்வியாண்டு தொடங்குவதற்குள் நிரப்புங்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் முதலில் மார்க்கரைப் போடுங்கள். தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் வடிகாலைத் தூர்வாரி, சாமான் அறைக் கூரைத் தகட்டை மாற்றிக் கொடுங்கள். பெண்கள் கழிப்பறையையும் உடை மாற்றும் அறையையும் காலை ஆறு மணிக்குத் திறந்து வையுங்கள், இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை, சாவியை மைதானத்துக்குக் கொண்டுவந்தால் போதும். உடற்பயிற்சிக் கூடத்தை வகுப்புக்கு முன்னும் பின்னும் திறங்கள். விளையாட்டுக் கட்டணமாக வாங்கியதற்கும் செலவழித்ததற்கும் கடந்த ஐந்து வருடக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பயிற்சியில் அடிபடுகிற மாணவர்களுக்கும் மருத்துவச் செலவு கிடைக்கும்படி காப்பீடு எடுங்கள், ஜனவரியில் அடிபட்ட பெண்ணின் அறுவை சிகிச்சைச் செலவைப் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டு அவள் அம்மாவின் குழுக் கடனை அடைத்துக் கொடுங்கள்.

அந்தப் பெண் இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறாள். ஜூனில் மெதுவாக ஓடத் தொடங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் இரண்டாவது வளைவில் இருக்கிற பள்ளத்தை மூடிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் மாணவி,
உடற்கல்வி ஆசிரியை,
கோத்தகிரி